பழைய வீட்டோடு புது அறை: எந்த அஸ்திவாரம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. மாடி ஏற முடியாத மாமியாருக்குக் கீழே ஓர் அறை, கல்யாணமாகப் போகும் மகனுக்கு ஓர் அறை, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிப்பறை. கையில் இருக்கிற வீட்டோடு ஒட்டி எடுக்க வேண்டும், எந்த அஸ்திவாரம் போடுவது என்று கேட்கிறார்கள். கேள்வி ஒன்றானாலும் பதில் ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊரில் தெருவுக்குத் தெருவும் மாறும். அதனால் பொதுவாக எதையும் எழுதாமல், ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு அந்தந்த மண்ணுக்கு ஏற்றபடி பதில் சொல்கிறேன். உங்கள் மண் எதைப் போல இருக்கிறதோ அந்தப் பதிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு 1988-ல் மாமனார் கட்டியது. கருங்கல் கடைக்கால், செங்கல் சுவர், ஒற்றைத் தளம். பின்பக்கம் மாமியாருக்காக 10-க்கு 12 அடியில் ஓர் அறை எடுக்கிறோம். எங்கள் மண் கரிசல். மேஸ்திரி, “சின்ன அறைதானே, 3 அடி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கருங்கல் கட்டினால் போதும்” என்கிறார். போதுமா?
— வாசகி, சாத்தூர்

போதாது அம்மா. ஆனால் உங்கள் மேஸ்திரி சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

9 அங்குலச் செங்கல் சுவர், 10 அடி உயரம், மேலே கான்கிரீட் தளம் என்று வைத்துக்கொண்டால், ஓர் அடி நீளச் சுவர் தன் அஸ்திவாரத்தோடு சேர்த்து மண்ணில் இறக்கும் பாரம் ஏறக்குறைய 1 டன். இரண்டரை அடி அகலமுள்ள கடைக்காலில் அது பரவும்போது சதுர அடிக்கு 400 கிலோ வரும். சதுர மீட்டர் கணக்கில் 4 டன்னுக்குச் சற்று மேல். சுமாரான மண்ணே சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும். ஆக, “இந்த மண் இந்த அறையைத் தாங்குமா?” என்று மட்டும் கேட்டால், தாங்கும்.

கரிசலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மண் அறையைத் தூக்குமா என்று கேட்க வேண்டும். கரிசலில் இருக்கும் களித்துகள் தண்ணீரை உள்ளே இழுத்து ஊதும்; வெயிலில் அதை விட்டுவிட்டுச் சுருங்கும். ஊதும்போது மேல்நோக்கித் தள்ளுகிற அழுத்தம், நாம் மேலே கணக்குப் போட்ட 4 டன்னைத் தாண்டிப் போவது சாதாரணம். கனமான கட்டடம் அந்த அழுத்தத்தை ஓரளவு அமுக்கிப் பிடிக்கும். ஒற்றை அறையால் முடியாது. அறை சின்னது என்பது இங்கே உங்களுக்குப் பாதகம்.

நான் பிறந்த வீடு கோவில்பட்டிப் பக்கம், நடுக் கரிசலில். கோடையில் முன்கதவு லேசாக ஆடும். ஐப்பசி, கார்த்திகையில் அதே கதவு நிலையில் இறுகிப் போய்த் தோளால் இடித்தால்தான் திறக்கும். அப்பா கொத்தனார். ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடிய விரிசலை அவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் அடைப்பார், சித்திரைக்குள் அதே கோட்டில் திறந்துவிடும். சுவரில் அவர் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. நோய் கீழே, மண்ணில் இருந்தது.

மழைக்கும் வெயிலுக்கும் ஈரம் ஏறி இறங்குகிற ஆழம் கரிசலில் 3, மூன்றரை மீட்டர் வரை போகும். 3 அடிக் கடைக்கால் அந்த ஊதிச் சுருங்குகிற மண்ணுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கும். பழைய வீடு 1988 முதல் அப்படியே நிற்கிறதே என்பீர்கள். அதன் சுவர்களைப் பாருங்கள், குறிப்பாக ஜன்னல், கதவு மூலைகளை. நூலிழை விரிசல்கூட இல்லையென்றால் உங்கள் இடத்தில் கரிசல் மேலாக மட்டும் இருக்கலாம். அது நல்ல செய்தி.

எப்படித் தெரிந்துகொள்வது? அறை வரப்போகும் இடத்தில் ஓர் ஆள் இறங்கும் அளவு குழி தோண்டுங்கள். நிறம் எந்த ஆழத்தில் மாறுகிறது, சுக்கான் மண் (சுண்ணாம்புக் கட்டி கலந்த மண்) அல்லது பாறைச் சரளை எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். கூடவே ஒரு சோதனை. மண்ணை நன்றாகக் காயவைத்துப் பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். நன்றாகக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது, தண்ணீரில் ஊதும். தண்ணீர்க் குழாயில் படிந்த மண்ணின் உயரம் மற்றதைவிட ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அது கடுமையாக ஊதும் மண். ஆய்வகத்தில் இந்திய நிர்ணயம் ஐ.எஸ். 2720-ன் 40-ஆம் பகுதிப்படி செய்வதும் இதே சோதனைதான்.

கரிசல் 5, 6 அடிக்குள் முடிந்து கீழே கெட்டி மண் வந்தால், தூண் போட்டு, அதன் அகன்ற அடித்தட்டான ஃபுட்டிங்கை அந்தக் கெட்டி மண்ணில் இறக்குங்கள். அதற்கும் கீழே கரிசல் ஓடினால் உங்களுக்கு ஏற்றது அண்டர் ரீம் பைல். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் பூமிக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. 10 அல்லது 12 அங்குல விட்டத்தில் மூன்றரை மீட்டர் துளை போட்டு, அடியில் மட்டும் துளையின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்குக்குக் குடைந்து அகலப்படுத்திக் கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் போடுவார்கள். அந்த அடிக்குமிழ் ஈரம் மாறாத மண்ணில் பிடித்துக்கொள்ளும். மேல் மண் ஊதினாலும் பைலைப் பிடுங்க முடியாது. உங்கள் அறைக்கு நான்கு மூலையிலும் நீண்ட பக்கங்களின் நடுவிலுமாக ஆறு பைல் அனேகமாகப் போதும். கம்பிக் கணக்கையும் ஆழத்தையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் நீங்களே நின்று பாருங்கள். பைல்களின் மேல் ஓடுகிற பெல்ட், அதாவது சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம், மண்ணைத் தொடக் கூடாது. பெல்ட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே 3 அங்குலமாவது வெற்றிடம் வேண்டும். இல்லாவிட்டால் ஊதும் மண் பெல்ட்டையே கீழிருந்து முட்டும், பைலுக்குச் செலவழித்தது வீண். அவசரத்தில் தரையிலேயே பலகை போட்டுக் கான்கிரீட் கொட்டுகிற வேலை ஆட்கள் உண்டு.

வானத்தை மணலால் நிரப்பினால் கரிசல் அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுற்றிலும் தண்ணீர் வடியாத கரிசல், நடுவில் மணல் குழி. மழைத் தண்ணீர் முழுக்க அங்கே வந்து தேங்கி, எந்த மண்ணை நனையவிடக் கூடாதோ அதையே நனைக்கும். தரைக்கு அடியில் ஊதாத செம்மண் கலந்த கிராவலை அரை அடி அரை அடியாகத் தண்ணீர் தெளித்து இடித்து நிரப்புங்கள். அறையைச் சுற்றி 4 அடி அகலத்துக்குச் சரிவான தளம் போட்டுவிடுங்கள். மாமியாருக்கான அறை என்று எழுதியிருக்கிறீர்கள், குளியலறையும் சேரும். அந்தக் குழாய் இணைப்பில் ஒரு கசிவு இருந்தால் போதும், அந்த ஒரு மூலை மட்டும் எழும்பும்.

ஏழு வருடம் முன்பு வீட்டின் கிழக்கே ஓர் அறை சேர்த்தோம். இரண்டே வருடத்தில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல். இப்போது மேற்கே இன்னோர் அறை எடுக்கிறோம். இந்த முறை பழைய சுவரைத் துளைத்துக் கம்பி மாட்டி இறுக்கிக் கட்டினால் விரிசல் வராதா?
— வாசகர், மன்னார்குடி

வரும் ஐயா. கம்பி இல்லாத வேறு இடத்தில் வரும், அவ்வளவுதான். பெரும்பாலும் பழைய சுவரிலேயே வரும்.

உங்கள் ஊர் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும். நனைந்த களியின் மேல் பாரம் ஏறினால் உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும், மண் அந்த அளவுக்கு அமுங்கும். இது ஒரு மழைக்காலத்தில் முடிகிற காரியமில்லை, வருடக் கணக்கில் நடக்கும். உங்கள் பழைய வீடு அமுங்க வேண்டியதை அமுங்கி முடித்துவிட்டது. புது அறை இனிமேல்தான் தொடங்கப்போகிறது. ஒன்று நிற்கும்போது இன்னொன்று சில மில்லிமீட்டர் இறங்கினாலே செங்கல் சுவர் பிளந்துவிடும். எந்தக் கம்பியும் அந்த இறக்கத்தைத் தடுக்காது.

ஆகவே இறுக்காதீர்கள், பிரித்துக் கட்டுங்கள். கூடுதல் அறை எடுக்கும் எல்லாருக்கும் இந்தப் பதிலைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். புது அறைக்கு நான்கு பக்கமும் அதன் சொந்தத் தாங்கல் இருக்கட்டும். பழைய வீட்டுப் பக்கம் பழைய சுவரையே நம்பித் தளத்தை அதன் மேல் ஏற்றாமல், புதிதாக இரண்டு தூண் நிறுத்தி ஒரு விட்டம் ஓட்டுங்கள். பழையதற்கும் புதியதற்கும் நடுவே அஸ்திவாரத்தின் மேலிருந்து மொட்டை மாடி வரை 1 அங்குல இடைவெளி. கட்டும்போது அதில் தெர்மாகோல் தகடு வைத்துக்கொள்ளலாம். முடிந்தபின் இடைவெளியின் வெளி ஓரத்தில் மட்டும் நெகிழும் சீலன்ட் அடைத்து, உள்பக்கம் ஓர் அலுமினியப் பட்டையை ஒரு சுவரில் மட்டும் திருகி மூடுங்கள். இரண்டு பக்கமும் திருகிவிட்டால் பட்டை மடங்கும்.

மாடியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அந்த இடைவெளியின் இரு ஓரத்திலும் அரை அடி உயரத்துக்குச் சின்னத் திண்டு எழுப்பி, மேலே ஒரு பக்கம் மட்டும் பிடித்த மூடி போடுங்கள். தண்ணீர் தாண்டி உள்ளே போகாது. தரையில் டைல்ஸ் ஒட்டும்போதும் அதே கோட்டில் பிரிவு விடச் சொல்லுங்கள். குழாய் அந்தக் கோட்டைக் கடந்தால் அங்கே வளைந்து கொடுக்கும் இணைப்பு வேண்டும்.

அடுத்து, தோண்டும் வேலை. பழைய கடைக்கால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஓர் இடத்தில் தோண்டிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். 30, 40 வருடத்துக்கு முந்தைய வீடுகளில் அது பல இடங்களில் இரண்டரை அடிக்குக் குறைவாகத்தான் இருக்கும். அதை ஒட்டி 5 அடிக்கு வானம் வெட்டினால் பழைய கடைக்காலின் கீழ் மண் பக்கவாட்டில் சரியும். சுவர் விரிசல் விடுவதோடு நிற்காமல் வேலை செய்கிறவர் மேல் விழுந்த சம்பவங்களும் உண்டு. மழைக்கால ஈரத்தில் இது இன்னும் ஆபத்து. பழையதைவிட ஆழமாகப் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால், ஓர் அடி ஆழத்துக்கு 2 அடி என்ற கணக்கில் பழைய கடைக்காலிலிருந்து தள்ளிப் போங்கள். தள்ளிப்போனால் சுவர் எங்கே நிற்கும் என்று கேட்பீர்கள். தூணைத் தள்ளி நிறுத்தி, பெல்ட்டையும் தளவிட்டத்தையும் பழைய சுவர் வரை நீட்டிக்கொண்டால் அறை பழைய வீட்டை ஒட்டியே வரும், ஃபுட்டிங் மட்டும் விலகியிருக்கும். 3, 4 அடி நீட்டுவது பெரிய வித்தையில்லை. நீட்டுகிற விட்டத்தில் மேல்கம்பிதான் முக்கியம், கம்பி கட்டுகிறவர் அதைக் கீழே மாற்றிக் கட்டிவிடாமல் வரைபடத்தோடு நின்று பாருங்கள்.

கிழக்கு அறையின் பழைய விரிசலைச் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். ஏழு வருடத்தில் பெரும்பகுதி அமுங்கி முடிந்திருக்கும். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரு ஓரமும் பசை வைத்து ஒட்டி ஒரு மழைக்காலம் விடுங்கள். உடையாமல் இருந்தால் அசைவு நின்றுவிட்டது. அதன்பின் அந்தக் கோட்டையே ஒழுங்காக வெட்டி நெகிழும் பூச்சால் மூடிவிடலாம்.

எங்கள் நிலம் செம்பறாங்கல். கடப்பாறை இறங்கவே அடம் பிடிக்கிறது. பொறியாளர் 5 அடி ஆழத்தில் 6 தூண் என்கிறார், மேஸ்திரி கருங்கல் கடைக்கால் போதும் என்கிறார். மாடி எடுக்கும் எண்ணம் இல்லை. யார் சொல்வது சரி?
— வாசகர், புதுக்கோட்டை

மாடி இல்லை என்பது உறுதியானால் மேஸ்திரி. இந்திய நிர்ணயம் ஐ.எஸ். 1904 கேட்கும் குறைந்தபட்ச ஆழமே அரை மீட்டர்தான். உங்கள் மண்ணில் இரண்டரை அடி தோண்டி, கீழே 4 அங்குலம் கான்கிரீட், மேலே இரண்டரை அடி அகலத்தில் தொடங்கும் கருங்கல் கட்டு, தரைமட்டத்தில் நான்கு கம்பி போட்ட பெல்ட், அதன் மேல் செங்கல். இது போதும். மிச்சமாகும் பணத்தைத் தளத்தின் நீர்க்காப்புக்கு வையுங்கள்.

வானம் வெட்டி முடித்ததும் அடிமண்ணை 3 அடிக்கு ஓர் இடம் கடப்பாறையால் குத்திப் பாருங்கள். செம்பறாங்கலுக்குள் சில இடங்களில் மெத்தென்ற களிப்பையோ பழைய கறையான் புற்றின் பொந்தோ இருக்கும். அங்கே மட்டும் தோண்டி எடுத்துக் கான்கிரீட் இட்டு நிரப்புங்கள்.

மகன் பின்னாளில் மாடி எடுப்பான் என்ற நினைப்பு மனதின் ஓரத்தில் இருந்தாலும் இப்போதே தூண் போட்டுவிடுங்கள். பின்னால் அஸ்திவாரத்தைப் பெரிதாக்குவது புதிதாகக் கட்டுவதைவிடச் செலவு.

வேளச்சேரிப் பக்கம் மனை. முந்தைய உரிமையாளர் தாழ்வான இடத்தை நிரப்பி வீடு கட்டியிருக்கிறார். பக்கவாட்டில் அறை எடுக்கத் தோண்டினால் 4 அடியில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையுமாக வருகிறது, தண்ணீரும் ஊறுகிறது. இடம் குறைவு என்பதால் காம்பவுண்டு சுவரையே அறையின் ஒரு சுவராக வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, சென்னை

காம்பவுண்டு சுவர் வேண்டாம் அம்மா. அது தன் எடையை மட்டும் தாங்குவதற்குக் கட்டியது. பாதிக்குப் பாதி இடங்களில் அதன் அடித்தளம் ஒன்றரை அடிகூட இருக்காது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி பக்கவாட்டில் விட வேண்டிய இடமும் உண்டு. முதலில் உங்கள் அனுமதி வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். விட வேண்டிய இடத்தில் அறை வருகிறதென்றால் அஸ்திவாரப் பேச்சே எடுக்க வேண்டாம். பின்பக்கமோ மாடியிலோ யோசியுங்கள்.

இடம் இருக்கிறது என்றால், பிளாஸ்டிக் பை வருகிற மண்ணில் ஃபுட்டிங் உட்காரக் கூடாது. அது மண்ணே இல்லை, குப்பை. மக்குகிற பொருள் மக்க மக்க உள்ளே பொந்து விழும். இன்னும் ஓரிரண்டு அடியில் இயற்கையான மண் தட்டினால் அதுவரை எடுத்துவிட்டுத் தூண் ஃபுட்டிங் போடலாம். சதுப்பை ஒட்டிய அந்தப் பகுதியில் அடியிலும் மெல்லிய களிதான் வரும் என்பதால், ஒற்றைத் தள அறைக்கு நான் சொல்வது ராஃப்ட். மேலே உள்ள நிரப்பலை இரண்டு, மூன்று அடி எடுத்துவிட்டுக் கிராவலை இடித்து நிரப்பி, அறை முழுதுக்கும் ஒரே கான்கிரீட் தட்டு. ஓரங்களில் அதோடு சேர்ந்த விட்டம். கீழே ஓர் இடம் கொஞ்சம் அமுங்கினாலும் அறை உடையாமல் மொத்தமாக இறங்கும். மொத்தமாக இறங்கும் என்பதால் மன்னார்குடி வாசகருக்குச் சொன்ன அந்த 1 அங்குல இடைவெளி உங்களுக்கு இன்னும் அவசியம்.

குப்பை 6, 7 அடிக்குக் கீழும் போனால் ராஃப்ட்டையும் நம்பாதீர்கள். பைல்தான். அதற்கு முன் மண் பரிசோதனைக்குத் துளை போட்டுப் பார்ப்பதைச் செலவென்று தள்ளாதீர்கள்.

வேலையைச் சித்திரை, வைகாசி, ஆனிக்குள் முடியுங்கள், நிலத்தடி நீர் கீழே இருக்கும். ஊறுகிற தண்ணீரை வானத்தின் நடுவிலிருந்து மோட்டார் வைத்து உறிஞ்சாமல், ஓரமாகச் சின்னக் குழி வெட்டி அதில் ஜல்லி போட்டு அங்கிருந்து எடுங்கள். மோட்டாரில் கலங்கிய தண்ணீர் வந்தால் அதனோடு உங்கள் வீட்டு அடியிலும் அண்டை வீட்டு அடியிலும் இருக்கும் நுண்மண்ணும் போகிறது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். கம்பிக்குக் கீழும் பக்கமும் 2 அங்குலக் கவர் பிளாக் (கம்பியைத் தள்ளி நிறுத்தும் சின்னக் கட்டை) வைக்காமல் கான்கிரீட் கொட்ட விடாதீர்கள். எப்போதும் நனைந்திருக்கும் இடம் அது.

கொல்லையில் தண்ணீர் வற்றிய கிணறு. 8 அடி விட்டம், 40 அடி ஆழம். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அதை மூடிவிட்டு அதன் மேல் அறை கட்டலாமா?
— வாசகர், திருச்செங்கோடு

அதன் மேல் கட்டடத்தின் எந்தப் பாரமும் உட்காரக் கூடாது. 40 அடிக்கு எதைக் கொட்டினாலும் அதை அடியிலிருந்து இடித்துக்கொண்டு வர ஆளால் முடியாது. மேலே இறுகியதுபோல் தெரியும். பல வருடம் கழித்து ஒரு பெருமழையில் உள்வாங்கும்.

வேறு இடமே இல்லையென்றால் கிணற்றை ஆற்று மணலோ எம்-சாண்டோ தண்ணீர் விட்டு விட்டு நிரப்பிவிட்டு, விளிம்பிலிருந்து இருபுறமும் 4 அடியாவது தள்ளித் தூண்களை நிறுத்தி, கிணற்றைத் தாண்டும்படி விட்டம் ஓட்டுங்கள். தரையும் கம்பி போட்ட தட்டாக அந்த விட்டங்களின் மேலேயே நிற்கட்டும், மணலின் மேல் வேண்டாம். கிணற்றுச் சுவர் சுற்றுக்கல் கட்டியதா, வெறும் மண் வெட்டா என்று பாருங்கள். வெறும் மண் என்றால் தூணை இன்னும் தள்ள வேண்டும்.

கொல்லையில் இடம் நகர்த்த முடிந்தால் கிணற்றை விட்டு 15 அடி தள்ளி அறையை எடுத்துக்கொண்டு, மாடித் தண்ணீரை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விடுங்கள். வாய்க்குக் கம்பி வலை மூடி போட மறக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.